படத்துக்கு எதிரே ஒரு தட்டு

"என்ரை மனுசனை ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுறாள், அக்கா."

சரோஜாதேவி இதைச் சொல்லி அழுதபோது எனக்குப் பசித்துக்கொண்டிருந்தது. அதற்காக என்னைத் திட்ட வேண்டாம். எங்கள் ஆபீஸ் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மீன் வறுக்கும் கடைக்கு நேர் மேலே இருக்கிறது. வாடகை குறைவு, வாசனை அதிகம்.

எங்கள் ஆபீஸ் என்றால் சிசிலியா மேடத்துடையது. மன்னாரில் கிரிமினல் வக்கீலாகப் பேர் வாங்கியவர். அந்தப் படிப்பு நியூசிலாந்தில் செல்லாது என்று சொல்லிவிட்டதால், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்யாகத் திருட்டுப் போன கார்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். இடையிடையே தமிழ்க் குடும்பங்களின் விவகாரம் வரும். நான் பழனிவேல், மதுரைக்காரன், டாக்ஸி ஓட்டுகிறவன். மேடத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கு வாயை மூடத் தெரியாது. அப்படியே ஒட்டிக்கொண்டோம்.

"ஆர் அவள்?" என்றார் மேடம்.

"ரதிதேவி எண்டு பேர். புருசன் இல்லை. பிளாக்ஹவுஸ் பேயிலை தனிய இருக்கிறாள். போன வருசத்திலையிருந்து இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கை போறவர். வேலையிலை லீவு கேட்டுக்கொண்டு போறார், அக்கா! வீட்டை வந்தவுடனை சத்தி எடுப்பார். ஏன் போறீங்கள் எண்டு கேட்டால் வாய் திறக்கமாட்டார். இப்ப பத்து நாளா ஆஸ்பத்திரி. ஒரு வாய் சாப்பிடுறாரில்லை. மூக்காலை குழாய் விட்டவை, அதையும் இழுத்து எறிஞ்சுபோட்டார்."

"ரத்தம் சோதிச்சவையோ?"

"ஓம், ஒண்டும் இல்லையாம். இப்பிடியே விட்டால் கிட்னி நிண்டுபோம் எண்டு டொக்டர் சொல்லுறார். அவள் என்ன மருந்து போட்டவள் எண்டு தெரிஞ்சால்தானே மாத்து மருந்து குடுக்கலாம்? பொலிசிலை சொல்லவும் வெக்கமாக் கிடக்கு."

அவர் புருஷன் குணரத்தினம் அண்ணனை எனக்குத் தெரியும். பென்ரோஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். தமிழர் கூட்டம் எங்கே நடந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவார். அவருக்கு ஒரு கள்ளத்தொடர்பு என்றால் ஆக்லாந்தில் யாரையும் நம்ப முடியாது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லி மேடம் கோட்டை எடுத்தார். "பழனி, காரை எடும்."

மழை விடாமல் பெய்தது. ஜூலை மாதத்து ஆக்லாந்து மழைக்குத் தொடங்கவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. போகிற வழியில் என் தீர்ப்பை நான் வழங்கினேன்.

"விஷம் வெச்சிருந்தா தூக்குதான் மேடம். ஆனா இந்த ஊர்ல தூக்கையே எடுத்துட்டாங்க. கொலை பண்ணினா தனி ரூம், மூணு வேளை சாப்பாடு, டிவி. என் ஃப்ளாட்ல டிவி கூட இல்ல."

"நீர் ஒராளைத் தூக்கிலை போட்டுப் பாத்திருக்கிறீரோ?"

"நான் ஏன் மேடம் பாக்கப்போறேன்?"

"நான் ஒராளுக்கு வழக்காடித் தோத்தனான். அவனைத் தொங்கவிட்ட அண்டைக்கு விடியவே ஒரு மனுசி சிறை வாசலிலை வந்து நிண்டா. அவன் கொலை செய்த பொடியன்ரை தாய். எல்லாம் முடிஞ்சுது எண்டு உள்ளுக்கையிருந்து சொல்லிவிட்டினம். அந்தத் தாய் திரும்பி என்னைத்தான் கேட்டா, 'இனி நான் என்ன செய்யிறது?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பஸ் காசு குடுத்து வீட்டை அனுப்பினன்" என்று சொல்லிவிட்டு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலகை வீடு, சின்னத் தோட்டம், வாசலில் செருப்புத் தட்டு. கதவைத் திறந்த ரதிதேவிக்கு நாற்பது வயது இருக்கலாம். வெள்ளைப் புடவைக்கு மேல் ஒரு தடித்த கம்பளிச் சட்டை. நாங்கள் யார் என்று கேட்பதற்கு முன் அவர் பார்வை எங்களைத் தாண்டித் தெருவுக்குப் போய்த் திரும்பியது. யாரையோ எதிர்பார்த்த முகம்.

"குணரத்தினத்தின்ரை மனுசி அனுப்பி வந்தனாங்கள்" என்றார் மேடம்.

"உள்ளுக்கை வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

சுவரில் மாலை போட்ட ஒரு படம். மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், பக்கத்தில் விளக்கு எரிந்தது. படத்தின் கீழே மேசை, மேசையில் இரண்டு தட்டுகள். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயாசம், ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு தட்டு படத்தை ஒட்டி, மற்றது அதற்கு நேர் எதிரே. மேசைக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் படத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது.

"மேடம்," நான் காதோடு சொன்னேன், "நான் வடைய மட்டும் தின்னு பாக்கவா? எனக்கு ஒண்ணு ஆயிட்டா டாக்ஸிய நீங்க வெச்சுக்கோங்க."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்றவர் தானே அந்த எதிர்த்தட்டை நோக்கிக் கையை நீட்டினார். ரதிதேவி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதிலை கை வைக்காதேங்கோ!"

அவ்வளவுதான், கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். போலீஸுக்குப் போன் பண்ண வீட்டில் டெலிபோன் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

மேடம் பதறவில்லை. "ஏன், பிள்ளை?"

"அது குற்றம் செய்தவனுக்கு வைச்ச சாப்பாடு. வேறை ஆக்கள் சாப்பிடக்கூடாது." சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார். அதே பாத்திரங்களிலிருந்து எங்களுக்கும் பரிமாறிக்கொண்டு வந்து, எங்கள் கண் முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தான் முதலில் சாப்பிட்டுக் காட்டினார். "நஞ்சு எண்டுதானே வந்தனீங்கள்? பாத்துக்கொள்ளுங்கோ."

"நஞ்சு இல்லை எண்டு வாசலிலையே தெரியும்" என்றார் மேடம். "நஞ்சு வைச்சவளுக்கு அந்த ஆள் ஏன் வரேல்லை எண்டு தெரிஞ்சிருக்கும். நீங்கள் தெருவைப் பாத்தனீங்கள். கள்ளக் காதல் எண்டும் நான் நினைக்கேல்லை. காதலனுக்குச் சமைக்கிறவள் செத்த புருசனுக்கு முன்னாலை கதிரை போடமாட்டாள். இது திவசத்துக்குப் படைக்கிற சாப்பாடு. வருசத்துக்கு ஒருக்காச் செய்யிறதை நீங்கள் கிழமைக்குக் கிழமை செய்யிறீங்கள். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

ரதிதேவி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இவர் ஏரம்பமூர்த்தி. பள்ளிக்கூட வாத்தியார். எண்பத்தாறிலை ஆமி எங்கடை ஊரைச் சுத்தி வளைச்சு எல்லாரையும் பள்ளிக்கூடத்து வெளிக்குக் கொண்டுபோனது. ஆம்பிளையளை வரிசையிலை விட்டினம், எங்களை மரத்துக்குக் கீழை இருத்தினம். பேந்து தலையாட்டியைக் கொண்டுவந்தினம். தலையிலையிருந்து முழங்கால் வரைக்கும் சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தருக்கும் முன்னாலை அவனைக் கொண்டுவந்து நிப்பாட்டுவினம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் ட்ரக்கிலை. இவருக்கு முன்னாலை வந்து ஆட்டினான்."

தன் இரண்டு கைகளையும் எங்கள் முன் நீட்டினார்.

"நான் ஓடிப்போய் அந்தச் சாக்குக்காரன்ரை காலிலை விழுந்தன். இந்த ரெண்டு கையாலையும் பிடிச்சனான். 'இல்லை எண்டு தலையாட்டு ஐயா' எண்டு கதறினன். அந்தக் கால் எனக்கு மறக்காது. ரெண்டாம் விரலும் மூண்டாம் விரலும் நகம் வரைக்கும் ஒட்டிப் பிறந்த கால். இவர் திரும்பி வரேல்லை. உடம்பும் தரேல்லை. நான் அந்தக் கிழமையே கொழும்புக்கு வந்திட்டன், பிறகு இஞ்சை."

"அந்தக் காலை இங்க பாத்தீங்களா?" என்றேன்.

"ஓம் தம்பி. போன வருசம் ஒரு புது வீட்டிலை குடிபூரல். நல்ல மழை. எல்லாரும் வாசலிலை சப்பாத்துக் கழட்டினவை. சொக்ஸ் ஊறிப்போச்செண்டு இந்த ஆள் அதையும் கழட்டினான். என்ரை கையிலை பால்ச்செம்பு இருந்தது, விழுந்துபோச்சு. பின்வளவுக்குக் கூப்பிட்டு, இவரின்ரை பேரைச் சொல்லிக் கேட்டன். அப்படியே இருந்து அழுதான். 'நான் அவருக்குப் பக்கத்திலை நிண்டனான், என்னாலைதான், என்னாலைதான்' எண்டான். எவ்வளவு துணிவு பாருங்கோ, அதை என்னட்டையே சொல்லுறதுக்கு!"

"பொலிசுக்குப் போயிருக்கலாமே?"

"போய்? இந்த நாட்டுப் பொலிசுக்கு ரெண்டு விரலைக் காட்டுறதோ? கொல்லுறதெண்டால் கத்தி போதும். ஆனா ஒருக்காச் செத்தால் அதோடை அவனுக்கு முடிஞ்சுபோம். எனக்கு முடியாதே! அதாலை நானே தீர்ப்புச் சொன்னன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரவேணும். இவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, இவருக்குப் படைச்சதைச் சாப்பிடவேணும். மறுக்கேல்லை. வந்தான். ஒவ்வொரு கிழமையும் வந்து அழுதழுது சாப்பிட்டான்."

"இப்ப அவர் ஆஸ்பத்திரியிலை" என்றார் மேடம். "ஒண்டும் சாப்பிடாமல் சாகக் கிடக்கிறார்."

ரதிதேவி படத்திலிருந்து திரும்பினார். "சாகிறானோ? நான் சாகச் சொல்லேல்லையே. நானும் வாறன்" என்று கோட்டை எடுக்க உள்ளே ஓடினார்.

மேடத்தை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன். "இதுக்கு மேல ஒரு தண்டனை எந்தக் கோர்ட்டுலயும் குடுக்க முடியாது மேடம். ரத்தம் இல்ல, கயிறு இல்ல. சோத்தைப் போட்டே உள்ள இருக்கிறதை வெளிய எடுத்துட்டாங்க. அந்தாளு சாகட்டும், நமக்கென்ன?"

"பழனி, அந்தாள் என்ன சொன்னவராம்?"

"என்னாலதான்னாரு. ஒத்துக்கிட்டாருல்ல?"

"அதுக்கு முதல்?"

"பக்கத்துல நின்னேன்னாரு."

"பக்கத்திலை நிண்டவன் வரிசையிலை நிண்டவன். சாக்குக்குள்ளை இருந்தவன் முன்னாலை வந்தவன். ஒராள் எப்படி ரெண்டு இடத்திலையும் நிக்கிறது?"

"அப்ப அந்தக் கால்?" என்றேன்.

"அவ காலைப் பாத்திட்டா, அதுக்குப்பிறகு அவவின்ரை காதிலை ஒண்டும் ஏறேல்லை" என்றார் மேடம். "அவவின்ரை கையிலை பிழை இல்லை. அது அதே கால்தான். ஆனா கால் எப்பவும் ஒராளுக்கு மட்டும் சொந்தமில்லை."

ஆஸ்பத்திரி வார்டில் ரதிதேவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். குணரத்தினம் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், எனக்குத் தெரிந்த ஆளில் பாதிதான் கட்டிலில் இருந்தது. மேசையில் ஆறிப்போன சூப். மேடம் ஒரு வார்த்தை பேசாமல் போர்வையின் கால்மாட்டைத் தூக்கினார். ஒட்டிய விரல்கள் இரண்டு காலிலும் இருந்தன.

"சரோஜா, இது ஆரின்ரை கால்?"

"என்ன கேள்வி அக்கா? இவரின்ரைதான்."

"இவருக்கு இதைக் குடுத்தது ஆர்?"

"மாமி. இவரின்ரை அம்மாவுக்கு இப்பிடித்தான். பிள்ளையள் ரெண்டு பேருக்கும் அப்பிடியே..." சரோஜாதேவி சட்டென்று நிறுத்திக் கணவனைப் பார்த்தார்.

"மற்றப் பிள்ளை ஆர்?"

"அவன்ரை பேரை நாங்கள் வீட்டிலை எடுக்கிறேல்லை."

கட்டிலிலிருந்து காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "சொல்லு சரோ. இனி என்ன."

பிறகு குணரத்தினம் அண்ணனே சொன்னார், சுவரைப் பார்த்தபடியே.

"தம்பி யசீகரன். ஆமி பிடிச்சு, கைநகத்தைப் பிடுங்கி, சாக்கைப் போட்டுக் கொண்டுவந்தது. நான் அண்டைக்குச் சந்தைக்கு அந்த ஊருக்குப் போய் மாட்டுப்பட்டனான். குனிஞ்சுகொண்டு நிண்டனான், காலைப் பாத்தவுடனை ஆர் எண்டு தெரிஞ்சிட்டுது. எனக்கு முன்னாலைதான் நிண்டான். பின்னாலை நிண்ட ஆமிக்காரன் துவக்காலை இடிச்சவன், ஆராவது ஒராளைக் காட்டு எண்டு. இவன் என்னைத் தாண்டிப் போய் அடுத்த ஆளுக்குத் தலையாட்டினான். அந்த மனுசனை அவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ஆட்டாமல் விட்டதாலைதான் அவர் போனவர்."

"யசீகரன் இப்ப எங்கை?"

"நாலு நாள் கழிச்சு ஆமி விட்டது. அண்டைக்குப் பின்னேரமே இயக்கப் பொடியள் பிடிச்சு லைற் போஸ்ரிலை கட்டிச் சுட்டவை. கழுத்திலை 'துரோகி' எண்டு எழுதித் தொங்கவிட்டினம். அம்மா அவிழ்க்கப் போனவ, விடேல்லை."

வார்டில் யாரோ இருமினார்கள். ஏற்கெனவே அங்கே கொடுத்து முடித்த தண்டனை, இந்த ஊரில் இன்னொரு முறை வேறு ஆளுக்குக் கிடைத்திருக்கிறது. வந்த வழியில் தூக்கு, தூக்கு என்று நான் கத்தியதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதை அவவுக்குச் சொல்லியிருக்கலாம்தானே, குணரத்தினம்?" என்றார் மேடம் மெதுவாக.

"சொன்னால்? குற்றவாளி செத்துப்போனான் எண்டால் அவ இனி ஆரோடை கோவிக்கிறது? அவவுக்கு ஒராள் வேணும். நான் இருக்கிறன்தானே. என்னாலைதானே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா இனி ஏலாது. அந்தாள் படத்திலையிருந்து பாக்கிறார். நான் செத்தால் எல்லாருக்கும் சரிவரும்."

மேடம் வெளியே போய் ரதிதேவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரதிதேவி அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசம்" என்றார். "ஒரு குற்றமும் செய்யாத மனுசனை. காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கிறன் அக்கா. இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

உள்ளே போனார். "இவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று சரோஜாதேவி சீறி எழுந்தார். மேடம் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ரதிதேவியின் கைகள் கும்பிடுவதற்கு மேலே வந்துவிட்டன. அதற்குள் குணரத்தினம் தலையைத் திருப்பினார்.

"ரெண்டு கிழமையா வரேல்லை. குறை நினைக்காதேங்கோ" என்றார். "நான் செத்தால் தீருமோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் போதும் எண்டு சொன்னால் நான் நிம்மதியாப் போயிடுவன்."

அந்தக் கேள்வி எனக்குப் புரிய நேரம் எடுத்தது. ரதிதேவிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் கொண்டுவந்த மன்னிப்பைக் கொடுத்தால் இந்த மனிதர் அதை வாங்கிக்கொண்டு இன்றைக்கே செத்துப்போவார். கும்பிட வந்த கைகள் கீழே இறங்கின.

"தீராது" என்றார். அந்த வெறுப்பு அவர் குரலுக்கு எங்கிருந்து திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "ஆர் உங்களைச் சாகச் சொன்னது? வந்து சாப்பிடத்தான் சொன்னனான். செத்துத் தப்பலாம் எண்டு பாக்கிறீங்களோ? வாற வெள்ளிக்கிழமை வரவேணும். எழும்பேலாட்டில் நான் இஞ்சை கொண்டுவருவன். என்ரை கண்ணுக்கு முன்னாலை சாப்பிடவேணும். நரைச்சு, பல்லு விழுந்து, கிழவனாகிற வரைக்கும் விடமாட்டன். விளங்குதோ?"

"நீயும் ஒரு மனுசியோ? பேய்!" என்று சரோஜாதேவி கத்தினார். நர்ஸ் ஓடி வந்தாள்.

குணரத்தினம் ரதிதேவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகத் துணிந்த மனிதர், பழக்கப்பட்ட எஜமானியின் குரலைக் கேட்டு எழுந்திருக்க முயன்றார்.

"சரோ, கத்தாதை. அந்த சூப்பை எடு" என்றார்.

முதல் வாய் உதட்டிலேயே வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதுக்கு ரதிதேவி அங்கே இல்லை.

வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார், அவர் கோட் தரையில் கிடந்தது. மேடம் அதை எடுத்து அவர் மேல் போட்டார்.

"தெரியாமல் செய்தது ஒரு வருசம்" என்றார் ரதிதேவி. "இனித் தெரிஞ்சுகொண்டு செய்யவேணும். அந்த மனுசன் அழ அழ, நான் முகத்தைக் கடுமையா வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கவேணும். நீங்கள் வக்கீல்தானே அக்கா, சொல்லுங்கோ, இது ஆருக்குத் தண்டனை?"

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார். மழை அப்போதும் விடவில்லை. இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள். வழியெல்லாம் நான் பேசவில்லை, என் வாயைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பப்போவதில்லை.

பாதி வழியில் ரதிதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தம்பி, வழியிலை இந்தியன் கடையிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. வாழைக்காய் முடிஞ்சுபோச்சு."